ஏழு தண்ணீர் அலசிய கற்றாழை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து போனவர்களுக்கு இது பழகிய கதை. அருவியில் நின்று வந்தால் பசி பிடுங்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பிரானூர் பார்டரில் உட்கார்ந்து பரோட்டா, சால்னா, பெப்பர் சிக்கன் என்று வயிறு முட்டச் சாப்பிடுகிறோம். அங்கிருந்து செங்கோட்டையைத் தாண்டி புளியறையில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்து பாயை விரித்துச் சாய்ந்தால், ஒரு மணி வாக்கில் நெஞ்சுக்கூட்டுக்குள் எரிய ஆரம்பிக்கிறது. புளிப்பும் கசப்புமாக ஏதோ ஒன்று தொண்டை வரை ஏறி வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். படுத்தால் மறுபடியும் எரியும். விடிந்ததும் வீட்டுப் பெரியம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "நெஞ்சு கரிக்குதா? இரு, கத்தாழை வெட்டித் தாரேன்" என்று கொல்லைப்பக்கம் போவார். தோல் சீவி, அலசி, மோரில் அடித்து, உப்புப் போட்டு ஒரு டம்ளர். பத்து மணிக்குள் நெஞ்சு குளிர்ந்துவிடும்.

குளிர்ந்தது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் குளிர வைத்தது எது? கற்றாழையா, மோரா? எழுந்து நடமாடியதாலா? ராத்திரி சாப்பிட்டது அதற்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிட்டதாலா? சும்மா இருந்திருந்தாலும் பத்து மணிக்குச் சரியாகியிருக்குமா? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதலில் எரிவது எங்கே, ஏன் எரிகிறது என்று தெரிய வேண்டும்.

நம் இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரைப்பையின் உள்சுவருக்குக் கெட்டியான சளிப்படலம் காவலாக இருப்பதால் அந்த அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. அதற்கு மேலே இருக்கிற உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. தமிழில் அதைச் சுருக்குத்தசை என்கிறார்கள். ஆச்சிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் இறுகும், தளர்த்தினால் விரியும். நாம் விழுங்கும்போது மட்டும் இந்தச் சுருக்கு தளர்ந்து உணவை உள்ளே விட்டு, மீண்டும் இறுகிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுருக்கு எப்போதும் தொளதொளத்துக் கிடப்பவர்களுக்குத்தான் எதுக்களிப்பு வரும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1980இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் டென்ட், அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாயை ஆரோக்கியமானவர்களின் உணவுக்குழாயில் இறக்கி இரவு முழுவதும் பதிவு செய்தார். சுருக்கு நன்றாக இறுகியிருந்தவர்களிடமும் அது அவ்வப்போது, விழுங்காமலேயே, சில விநாடிகளுக்குத் தானாகத் தளர்ந்தது. அமிலம் மேலே ஏறியது பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான். இதைத் 'தற்காலிகத் தளர்வு' என்று சொல்லலாம். ஏப்பம் விடுவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது, எல்லோருக்கும் உண்டு. இரைப்பையின் மேற்பகுதி உப்பினால் இந்தத் தளர்வு அடிக்கடி நடக்கும். எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஆகவே இரைப்பை நெடுநேரம் உப்பியே இருக்கும். பார்டர் பரோட்டாவின் கணக்கு இதுதான்.

இங்கே இன்னொரு புதிர் இருந்தது. சாப்பிட்டவுடன் உணவோடு கலந்து இரைப்பையின் அமிலத்தன்மை குறைகிறது. அமிலமானிகள் அப்படித்தான் காட்டின. ஆனால் நெஞ்செரிச்சல் அதிகமாக வருவதும் சாப்பிட்ட பிறகுதான். நீர்த்துப்போன அமிலம் எப்படி எரிக்கும்? 2001இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள், சாப்பிட்டு முடித்தவர்களின் இரைப்பையில் அமிலமானியை இறக்கி, அதைச் சிறிது சிறிதாக மேலே இழுத்துக்கொண்டே அளந்தார்கள். இரைப்பையின் நடுவில் பிஎச் அளவு 4.7 அருகில் இருந்தது. சுருக்குத்தசையை ஒட்டிய இடத்துக்கு வந்ததும் சட்டென்று 1.6க்கு இறங்கியது. பிஎச் அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. அப்படியானால் உணவுக்கு மேலே, உணவோடு கலக்காமல், ஆயிரம் மடங்கு கடுமையான அமிலம் தனியாகத் தேங்கி நிற்கிறது. சுருக்கு தளர்ந்தால் முதலில் மேலேறுவது அதுதான். 'அமிலத் தேக்கம்' என்று இதற்குப் பெயர் வைக்கலாம். உலகில் நாள்தோறும் கோடிக்கணக்கானவர்களை எழுப்பி உட்கார வைக்கும் ஒன்று, இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அளக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அமிலம்தான் எரிக்கிறது என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? நெஞ்சு வலி என்றால் இதயமாகவும் இருக்கலாமே. 1958இல் லயனல் பெர்ன்ஸ்டீன், லைல் பேக்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கு வழியாக மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டு, சொட்டுச் சொட்டாகத் திரவத்தை இறக்குவார்கள். முதலில் வெறும் உப்புநீர். பிறகு, நோயாளிக்குச் சொல்லாமலேயே, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். எரிகிறது என்று அவர் சொன்னதும் சத்தம் காட்டாமல் மறுபடி உப்புநீருக்கு மாற்றுவார்கள். அமிலம் இறங்கும்போது அவருடைய வழக்கமான வலி வந்து, உப்புநீர் இறங்கும்போது போனால், வலியின் இடம் உணவுக்குழாய்தான்.

இந்தச் சோதனையில் நான் மிகவும் மதிப்பது அமிலத்தை இறக்கிய துணிச்சலைக் காட்டிலும், ஆளுக்குத் தெரியாமல் மாற்றியதைத்தான். 'இப்போது அமிலம் வருகிறது' என்று சொல்லியிருந்தால் உப்புநீருக்கும் எரிந்திருக்கும். நோயாளி பொய் சொல்வதாக இதற்குப் பொருள் கிடையாது. எதிர்பார்ப்பும் உடலில் வேலை செய்யும் ஒரு சங்கதிதான். கற்றாழையைப் பற்றி முடிவு சொல்லும்போது இந்த 'தெரியாமல் மாற்றிப் பார்ப்பது' மறுபடி தேவைப்படும்.

இப்போது கொல்லைக்கு வருவோம். மேற்கே மலை, கீழே வயல், இடையில் கேரளத்துக்கு ஏறும் சாலை என்று கிடக்கிற புளியறையில் எந்த வீட்டு ஓரத்திலும் சோற்றுக்கற்றாழை இருக்கும். கண் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டியும் வைத்திருப்பார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் அது பச்சையாகவே தொங்கும். அதன் காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அடி மடலை ஒட்டிக் கத்தியால் வெட்டியதும், வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு நீர் துளிர்த்துச் சொட்டும். அதற்கு ஒரு காட்டமான வாடை உண்டு. நாவில் பட்டால் அரை மணி நேரம் கசப்பு போகாது. பழகிய கைகள் மடலை உடனே உரிக்காது. வெட்டுவாய் கீழே இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் நீர் வடிய விடும். பிறகு இரு பக்கமும் முள்ளைச் சீவி, பச்சைத் தோலை எடுத்தால் கண்ணாடியாகத் தெரிகிற சோறு வழுக்கிக்கொண்டு வரும். அதைத் துண்டு போட்டு அலசினால் முதல் தண்ணீர் லேசான மஞ்சளும் கொழகொழப்புமாக இருக்கும். கொட்டிவிட்டு அடுத்த தண்ணீர், அதற்கடுத்த தண்ணீர். "ஏழு தண்ணி அலசணும்" என்பது தென்காசிப் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க வழங்கும் கணக்கு.

ஏழு என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. கசப்பு போகும்வரை அலசு என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்தப் பழக்கம் செய்கிற வேலை பெரியது. மடலுக்குள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும் இரண்டு வேறு பொருள்களை அது பிரிக்கிறது. தோலுக்குச் சற்று உள்ளே, நீரும் உணவும் ஓடும் நாளங்களை ஒட்டிய செல்களில் இருப்பது மஞ்சள் பால். அதற்கும் உள்ளே இருப்பது சோறு. ஒரே மடலில் இருந்தாலும் இரண்டின் வேலையும் வேறு, வேலை செய்யும் இடமும் வேறு.

மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கினால் கிடைக்கும் கருப்புக் கட்டிதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோலம். மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். அதில் அலோயின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. விழுங்கிய அலோயின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக எதையும் செய்யாமல் கடந்து போகிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள் பெருங்குடலை உசுப்பிவிடுகிறது. பேதியாவதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆவது அதனால்தான். நெஞ்செரிச்சலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எரிவது மேலே, இது வேலை செய்வது கீழே.

பயனில்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. கடைகளில் நேரடியாக விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் தடை விதித்தது. பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வுகளை உற்பத்தியாளர்கள் கொடுக்காததே காரணம். அதன் பிறகு அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், மஞ்சள் பால் நீக்காத முழு மடல் சாற்றை எலிகளுக்குக் குடிநீரில் கலந்து 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தது. எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன, அவற்றில் புற்றுக்கட்டிகளும் உண்டு. இந்த முடிவு 2013இல் அறிக்கையாக வந்தது. அதையடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. எலிக்கு வந்தால் மனிதருக்கும் வந்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பட்டியலில் இருப்பது முழு மடல் சாறு, அலசிய சோறு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டி வந்த இடம் பெருங்குடல், பாக்டீரியாக்கள் அலோயினை மாற்றுகிற அதே இடம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொட்டப்படுகிற அந்த முதல் தண்ணீர்களின் அருமை புரியும்.

பாட்டிலில் விற்கும் சாற்றை வாங்குகிறவர்களுக்கும் இது முக்கியம். பன்னாட்டுக் கற்றாழை அறிவியல் மன்றம் என்கிற தொழில்துறை அமைப்பே, குடிக்கும் சாற்றில் அலோயின் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பாட்டில் ஒட்டுத்தாளில் உள்சோறு மட்டுமா, முழு மடலா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு 'வயிறு சுத்தமாகிறது' என்று மகிழ்கிறவர்கள், தாங்கள் குடிப்பதில் பால் சரியாக நீங்கவில்லை என்பதற்கான அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மிஞ்சியது சோறு. அதில் 98 முதல் 99 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு பலசர்க்கரைகள், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலிகள். கொழகொழப்பு அவற்றால் வருவதுதான். அவற்றில் அசிமன்னன் என்பது அதிகம் ஆராயப்பட்டது. அதுபோக, சோற்றில் அமிலமும் உண்டு. அசிடிட்டிக்குக் குடிக்கிற கற்றாழையே அமிலம் சேர்த்து வைக்கும் செடி என்பது கேட்கப் புதிதாக இருக்கும்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். வெயிலில் திறந்தால் ஈரம் போய்விடும். வறண்ட அரேபிய நிலத்தில் தோன்றிய கற்றாழை அந்த விரயத்தைத் தாங்காது. அது ராத்திரியில் திறக்கிறது. வெளிச்சம் இல்லாத நேரத்தில் உணவு தயாரிக்க முடியாது என்பதால், இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி செல்களுக்குள் சேமிக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தருவதும் இந்த அமிலம்தான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து வெயிலில் சமைக்கிறது. வாசலில் கட்டிய கற்றாழை வாடாமல் தொங்குவதற்கு, பகல் முழுக்கக் கதவை அடைத்து வைக்கும் இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இந்த ராத்திரி அமிலத்தை நாக்கால் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் நம் ஊரில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், தரங்கம்பாடிக்கு மதப் பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆய்வாளராகச் சென்னையில் இருந்தார். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, மதியம் சுவையில்லை, சாயங்காலம் லேசான கசப்பு என்று அவர் 1813இல் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் கழக ஏட்டில் அச்சாயிற்று. அந்தச் சுவை மாற்றத்தின் வேதியியலைப் பிரித்தறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சோற்றுக்கற்றாழையும் அதே முறையில் மூச்சு வாங்கும் செடி.

ஆகவே கற்றாழைச் சோற்றின் பிஎச் அளவு 4.5 வாக்கில் இருக்கும். மோரும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டுமே மென்மையான அமிலங்கள். அமிலத்தை முறிக்க வேண்டுமானால் காரம் வேண்டும். மருந்துக்கடை ஆன்டாசிடில் இருக்கும் மக்னீசியம், அலுமினிய உப்புகள் செய்வது அந்த வேலை. கற்றாழையால் அது முடியாது. சுரப்பையும் அது அணைப்பதில்லை. இரைப்பைச் செல்களின் அமில இறைப்பான்களை நிறுத்துவது 1988இல் சந்தைக்கு வந்த ஒமிப்ரசோல் வகை மருந்துகள். சுருக்கின் தற்காலிகத் தளர்வையும் கற்றாழை தடுப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? ஒன்று, விழுங்குவது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் உணவுக்குழாய் மேலிருந்து கீழாக அலையடித்து, ஏறி நிற்கும் அமிலத்தை இரைப்பைக்குத் திருப்பி அனுப்புகிறது. கூடவே உமிழ்நீர் இறங்குகிறது. உமிழ்நீரில் இருக்கும் பைகார்பனேட், சுவரில் ஒட்டியிருக்கும் மிச்ச அமிலத்தை முறிக்கிறது. ஒரு டம்ளர் எதைக் குடித்தாலும் இவ்வளவும் நடக்கும். இன்னொன்று, கொழகொழப்பு. புண்பட்ட சுவரின் மேல் அது சற்று நேரம் பூசிக்கொண்டு நிற்கக்கூடும். ஆனால் நின்ற நிலையில் இருப்பவரின் உணவுக்குழாயில் எதுவும் நெடுநேரம் தங்காது.

கடற்பாசியை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மண்டபம் கடற்கரையில் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டும் கொழகொழப்பான பலசர்க்கரைதான். ஆனால் அமிலம் பட்டதும் அது கூழாக உறைகிறது. மருந்தில் அதோடு பைகார்பனேட்டும் சேர்த்திருப்பதால் வாயுக் குமிழிகள் அதற்குள் சிக்கி, அந்தக் கூழ் அப்படியே மிதந்து, அமிலத் தேக்கம் இருக்கிற அதே இடத்தில் மூடியாக நிற்கிறது. கற்றாழைச் சோற்றுக்கு அமிலத்தில் உறையும் குணம் இல்லை. அது உணவோடு கலந்து கீழே போய்விடும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, ஆராயத் தக்கது. அமிலம் சுவரை நேரடியாகச் சுட்டுப் புண்ணாக்குகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். டல்லாஸ் நகர மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை நிறுத்திய 12 நோயாளிகளின் உணவுக்குழாய்த் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். மேற்பரப்பு அரிபடுவதற்கு முன்பே, ஆழத்தில் எதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்திருந்தன. அதாவது எரிச்சலில் ஒரு பங்கு உடலே கிளப்பும் அழற்சி. கற்றாழைச் சோறு அழற்சியைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் சில சொல்கின்றன. கண்ணாடித் தட்டில் நடப்பது நெஞ்சுக்குள்ளும் நடக்குமா என்பதற்கு மனிதர்களிடம்தான் விடை தேட வேண்டும்.

மனிதர்களிடம் தேடியவர்கள் குறைவு. 1963இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவர்கள், வயிற்றுப்புண் இருந்த 12 பேருக்குக் கற்றாழைச் சோற்றைக் கொடுத்து எல்லோரும் தேறினார்கள் என்று எழுதினார்கள். கொடுக்காத 12 பேர் என்று ஒரு கூட்டம் அதில் இல்லை. வயிற்றுப்புண் வந்து தானாக ஆறுவதும் உண்டு. 2015இல் வெளியான ஈரானிய ஆய்வு இன்னும் ஒழுங்கானது. எதுக்களிப்பு இருந்த 79 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 10 மில்லி கற்றாழைச் சிரப், ஒரு பிரிவுக்கு ஒமிப்ரசோல், ஒரு பிரிவுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் மற்றொரு மருந்தான ரானிடிடின். 4 வாரத்தில் கற்றாழைப் பிரிவிலும் நெஞ்செரிச்சல், ஏப்பம், எதுக்களிப்பு முதலிய தொல்லைகள் குறைந்தன. பக்கவிளைவால் யாரும் விலகவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் பெர்ன்ஸ்டீனின் உப்புநீர் அதில் இல்லை. பார்க்கவும் சுவைக்கவும் கற்றாழைச் சிரப்பாகவே இருந்து, உள்ளே கற்றாழை இல்லாத போலி மருந்து எந்தப் பிரிவுக்கும் கொடுக்கப்படவில்லை. எதுக்களிப்பு ஆய்வுகளில் போலி மருந்து வாங்கியவர்களில் சராசரியாக ஐவரில் ஒருவருக்குத் தேறிவிடுகிறது, சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கு அருகில்கூட. நோயின் போக்கும் அப்படி. எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கொல்லைக்குப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு எதைக் குடித்தாலும் இறக்கம்தான் வரும். எதுவும் குடிக்காவிட்டாலும் இறங்கும். ஆகவே இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: நன்றாக அலசிய கற்றாழைச் சோறு பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்யாது, சிலருக்கு இதமாக இருக்கிறது, அந்த இதம் கற்றாழையால் வருவது என்று இன்னும் காட்டப்படவில்லை.

இதே தென்காசி மாவட்டத்தில் தோரணமலை இருக்கிறது. சித்தர் தேரையர் அங்கே மருத்துவம் செய்தார் என்பது ஊர் வழக்கு. அவர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில், படுக்கும்போது இடக்கைப் பக்கமாகப் படுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு வருகிறது. இடப்புறம் படுத்தால் வலது நாசியில் மூச்சு ஓடிச் செரிமானம் கூடும் என்று மரபில் விளக்கம் சொல்வார்கள். எதுக்களிப்புக்காரர்களுக்கு வேறொரு காரணத்தால் அது பொருந்துகிறது. இரைப்பை உடலின் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இடப்புறம் படுத்தால் இரைப்பை கீழேயும் சுருக்குத்தசை மேலேயும் அமைகிறது. வலப்புறம் படுத்தால் சுருக்கு அமிலத்துக்குள் மூழ்குகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2022இல் 57 பேரின் தூக்க நிலையையும் உணவுக்குழாய் அமிலத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். அமிலம் ஏறுகிற தடவைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஏறிய அமிலம் திரும்பி வடிய எடுத்த நேரம் இடப்புறத்தில் சுமார் 35 விநாடி, மல்லாந்து படுத்தால் 76, வலப்புறத்தில் 90. கற்றாழைக்கு இன்னும் கிடைக்காத அளவீடு, அதே மரபின் மற்றொரு பழக்கத்துக்குக் கிடைத்துவிட்டது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துவதும் அதே வகையில் பயன் தருபவை. தலையணைமேல் தலையணை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும்.

கற்றாழையே கூடாதவர்களும் உண்டு. கருவுற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், நீர் பிரிய மாத்திரையோ இதய மருந்தான டிகாக்சினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. மஞ்சள் பாலால் பேதியானால் பொட்டாசியம் குறையும், டிகாக்சின் எடுப்பவருக்கு அது ஆபத்து. ஆனைக்கற்றாழையைச் சோற்றுக்கற்றாழை என்று எண்ணி வெட்டிவிடவும் கூடாது. அதன் சாற்றிலிருக்கும் ஊசிப் படிகங்கள் தோலையே அரிக்க வைக்கும். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, கருப்பு மலம், ரத்த வாந்தி எதுவும் இருந்தால் கொல்லைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு அழுத்தலோடு வியர்வையும், கையிலோ தாடையிலோ பரவும் வலியும் இருந்தால் அதைக் கேஸ் என்று தள்ளி மோர் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம், அங்கே நிமிடங்கள் கணக்கு.

புளியறையிலிருந்து கிழக்கே போனால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை காண அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. எதுக்களிப்பு இருக்கிற சில நூறு பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு அலசிய கற்றாழைச் சோறு, மறு பாதிக்கு அதே கொழகொழப்பும் நிறமும் சுவையும் உள்ள, கற்றாழை இல்லாத கூழ். கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது. வாராவாரம் தொல்லையைக் கேட்டு எழுதுவதோடு, சிலருக்காவது 24 மணி நேர அமிலமானி வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிச் சோற்றிலும் அலோயின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். மூன்று தண்ணீர் போதுமா, ஏழு வேண்டுமா என்பதற்கும் அப்போதே எண் கிடைத்துவிடும். விடியற்காலை வெட்டிய மடலில் ராத்திரி சேர்த்த அமிலம் முழுதாக இருக்கும், சாயங்காலம் வெட்டியதில் கரைந்திருக்கும் என்பதால், மடலை வெட்டும் நேரத்தையும் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரே நேரமாக முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.